முகம் மாறிய முதிரைக் கதவு

அத்தியாயம் 4

“நாலு விரல் ஆச்சு. கட்டைவிரலை மட்டும் விட்டு வச்சிருக்குது” என்றார் சப் இன்ஸ்பெக்டர் வேலாயுதம். “மூணு மணிக்கு மாஜிஸ்திரேட் வராரு. வாக்குமூலத்துல கைநாட்டு வைக்க அது ஒண்ணு வேணும் பாரு.”

மயில்வாகனம் லாக்கப் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். உள்ளே சுவரோரம் சுருண்டு கிடந்தவன் கந்தன் ஆசாரி. மயில்வாகனத்தோடு ஒரே தெருவில் புழுதியில் புரண்டு வளர்ந்தவன். இன்று அவனுடைய வலது கை விரல்கள் நான்கும் நசுங்கிக் கருநீலமாய் வீங்கியிருந்தன. உதடு கிழிந்து தொங்கியது. அவனை அடித்தது லத்தியால் அல்ல. அவனுடைய சொந்தக் கொட்டாப்புளியால். பதினைந்து வருஷமாக உளியின் தலையில் தட்டிய அந்த மரச்சுத்தி, ரத்தம் காய்ந்து மேஜைமேல் கிடந்தது. ஸ்டேஷன் வாசலில் ஏழு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவதற்கும் அவளிடம் தெம்பு இல்லை.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை நண்பகலில், பட்டு நெசவாளர் பஞ்சாட்சரம் தம் வீட்டுக் கூடத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். பின்மண்டையில் மூன்று வெட்டு. வெட்டிய ஆயுதம், மரம் செதுக்குகிற வாச்சி. அந்த வாச்சி கந்தனுடையது. ஒரு மாதமாக அந்த வீட்டில் அவன் ஓர் அலமாரி செய்துகொண்டிருந்தான். அன்று காலை இருவருக்கும் வாய்ச்சண்டை வேறு. சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தேன் என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவன் ஓடியதைக் கண்ணால் பார்த்ததாக ஒரு சாட்சியும் இருந்தது.

“சண்டை எதுக்குடா, கந்தா?”

கேட்டவர் ஹயக்ரீவன். சின்னக் காஞ்சிபுரத்து மனிதர். ஒரு வக்கீலிடம் இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்து, வக்கீலைவிட அதிகமாகக் குற்றவாளிகளைப் படித்தவர். நெற்றியில் கோடு பிசகாத திருமண், கையில் மழை வெயில் பாராமல் ஒரு பெரிய கறுப்புக் குடை. மயில்வாகனம் அவருடைய உதவியாளன். அவன் சிரிக்கும்போதெல்லாம் தறியில் இழை அறுந்ததால், அவன் அப்பாவே அவனை விரட்டி இவரிடம் சேர்த்துவிட்டார்.

கந்தன் கிழிந்த உதட்டை அசைத்தான். “அலமாரிக் கதவுல சாமி படம் மாட்ட ஆணி அடிக்கணும்னாரு. முதிரை மரத்துல துளை போடாம ஆணி அடிச்சா வாய் பொளந்துக்கும் சாமி. அதுல ஆணி அடிச்சா ஒன் மண்டையில அடிப்பேன்னு சொல்லிப்புட்டேன்.”

“அதை மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்” என்று மயில்வாகனம் முணுமுணுத்தான். “உன் வாய்க்கும் துளை போட்டுத்தான் வச்சிருக்காங்க மச்சான்.”

கந்தன் சிரிக்கப் பார்த்தான். ரத்தம்தான் வழிந்தது.

ஹயக்ரீவன் கொலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அலமாரியைப் பற்றியே கேட்டார். அந்த நிலையிலும் கந்தனுடைய குரலில் ஒரு பெருமை ஏறியது. ஜவ்வாது மலையிலிருந்து வந்த முதிரை. பொன் மஞ்சள் நிறம். தூக்கினால் கருங்கல் கனம். உளியை நாளுக்கு நாலு தரம் தீட்ட வேண்டும். கிராமத்தில் அதை வண்டி அச்சுக்கும் ஏருக்கும் வெட்டிப் போடுகிறார்கள். சீமையிலோ மெல்லிய தகடாகச் சீவி, துரைசானிகளின் சீப்புப் பெட்டிக்கும் எழுதுகிற மேஜைக்கும் ஒட்டுகிறார்கள். இழைத்து மெருகேற்றினால் உள்ளே அலை அலையாக ஒளி ஓடும். வெள்ளைக்காரன் அதற்குப் பட்டின் பெயரையே வைத்து ‘சாட்டின்’ மரம் என்கிறான்.

“ரெண்டு கதவும் ஒரே பலகை சாமி. நடுவுல வாள் போட்டு அறுத்துப் பிரிச்சு, புஸ்தகத்தை விரிச்சா மாதிரி வச்சேன். அடிமரம் கீழ, நுனி மேல. அப்படி வச்சா இந்தக் கதவு மினுக்குறப்ப அந்தக் கதவு மங்கும். ரெண்டடி தள்ளி நின்னு பாருங்க, அது மினுக்கும், இது மங்கும். மாமியா மருமவ கதவுன்னு அந்த வீட்டுக் காமாட்சியம்மா பேரே வச்சாங்க. ஒருத்தி சிரிச்சா ஒருத்தி மூஞ்சியத் தூக்கிக்குவா.”

“கை ஏன் முழங்கை வரைக்கும் எண்ணெய்ப் பிசுக்கா இருக்கு?”

“ரத்தம் ஒட்டாம இருக்கத் தடவிக்கினு போயிருக்கான்” என்றார் வேலாயுதம்.

“இல்ல சாமி. முதிரைத் தூசி பொல்லாதது. எண்ணெய் தடவி, மூஞ்சில துணி கட்டிக்கினுதான் உப்புத்தாள் போடுவோம். பழக்கமில்லாதவன் தேய்ச்சா மறுநாளே கை புண்ணாகும், கண்ணு வீங்கும்.”

ஹயக்ரீவன் குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். “வேலாயுதம், மூணு மணி வரைக்கும் அந்தக் கட்டைவிரலைத் தொடாதே. ஒரு கான்ஸ்டபிளை என்னோட அனுப்பு.”

“மரத்தைப் பத்திக் கதை கேட்டுக்கினு போறீங்க. கொலைகாரனைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே சாமி!”

“மரம் அவனைப் பத்தித்தானே சொல்லித்து” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

* * *

பஞ்சாட்சரத்தின் வீட்டுக் கூடத்தைக் கழுவியிருந்தார்கள். ஆனால் ரத்தம் அவ்வளவு சுலபமாகப் போகிற பொருளா? சுவரில் ஆள் உயரத்துக்குத் தெறித்திருந்தது. தறியில் பாதி நெய்த மாம்பழ நிறச் சேலையில் விசிறியடித்தாற்போல் கரும்புள்ளிகள். தரைச் செங்கலின் இடுக்குகளில் கோடு கோடாக உறைந்திருந்தது. ரத்தத்தைப் பார்த்தால் மயில்வாகனத்துக்கு வாய் அதிகமாகும். 

“இந்தச் சேலையை முடிச்சு வித்தா, வாங்குறவளுக்குப் புட்டா இலவசம்” என்றான். சொன்ன மாத்திரத்தில் உள்ளிருந்து காமாட்சியம்மாள் வருவதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பஞ்சாட்சரத்தின் மனைவி அவள். அழுது அழுது முகம் உப்பியிருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் அவள் மாகறல் கோயிலுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம்.

கூடத்தின் கிழக்கு மூலையில் நின்றது அலமாரி. கதவுகளின் சட்டம் தேக்கு. நடுவில் பதித்த பலகைகள் முதிரை. ஹயக்ரீவன் கிட்டே போகாமல் தூரத்திலேயே நின்றார்.

“மயில், வலது கதவைப் பாரு. என்ன தெரியறது?”

“ரத்தப் புள்ளி. பலகையிலயும் இருக்குது, சட்டத்திலயும் இருக்குது.”

“இடது கதவு?”

“சட்டத்துல இருக்குது. பலகையில…” மயில்வாகனம் நிறுத்தினான். இடது பலகை துடைத்துவிட்ட வெண்கலம்போல் சுத்தமாக இருந்தது. நாலு பக்கச் சட்டத்திலும் புள்ளி, நடுவில் மட்டும் ஒன்றும் இல்லை.

“சுத்தமா இருக்குது சாமி. ரொம்ப அழகாவும் இருக்குது. ரெண்டு கதவும் ஒண்ணா மினுக்குது பாருங்க. மாமியாரும் மருமவளும் ராசியாயிட்டாங்க போல.”

ஹயக்ரீவன் அவன் தோளை அழுத்தினார். “என்ன சொன்னே? திருப்பிச் சொல்லு.”

“ரெண்டும் ஒண்ணா…” மயில்வாகனம் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தான். இரண்டு பலகைகளும் சேர்ந்து மங்கின. வலப்பக்கம் நகர்ந்தான். இரண்டும் சேர்ந்து மின்னின. “யப்பா! கந்தன் இப்படி இல்லன்னு சொன்னானே?”

“இடது பலகையைத் தலைகீழாத் திருப்பி மாட்டியிருக்கான்.”

பலகையைச் சட்டத்தோடு பிடித்திருந்த மெல்லிய மரக்கீற்றுகளை ஹயக்ரீவன் நகத்தால் தடவினார். கந்தன் அவற்றைத் துளை போட்டு மூங்கில் முளையால் இறுக்கியிருந்தான். இடது கதவில் முளைகளுக்குப் பதில் சின்ன இரும்பு ஆணிகள். ஓர் ஆணி அடித்த இடத்தில் பலகை மயிரிழையாகப் பிளந்திருந்தது. ஒவ்வோர் ஆணிக்குப் பக்கத்திலும் காலியாக இன்னொரு ஆணித் துளை.

“கொலைகாரன் பஞ்சாட்சரத்தை வெட்டினான். அலமாரி பூட்டியிருக்கு. சாவி கிடைக்கலே. இந்தப் பலகையைப் பெயர்த்து உள்ளே பார்த்தான். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு, கழட்டறப்போ கை பட்டுத் தீத்தின ரத்தத்தைக் கந்தனோட உப்புத்தாளாலே தேய்ச்சு எடுத்தான். திரும்ப மாட்டினான்.”

“கந்தனே அவசரத்துல தலைகீழா மாட்டிட்டான்னு வேலாயுதம் சொல்லுவாரே?”

“ஆசாரி உசிரே போனாலும் நுனியைக் கீழே வைக்க மாட்டான். அதை விடு. துளையை எண்ணு. இவன் இரண்டு தடவை மாட்டியிருக்கான். முதல் தடவை சரியாத்தான் வச்சிருக்கான். தள்ளி நின்னு பார்த்தான். ஒண்ணு மின்னித்து, ஒண்ணு மங்கித்து. ஐயோ, தப்பா வச்சுட்டோம்னு பயந்து, கழட்டித் திருப்பி வச்சான். இரண்டும் ஒண்ணா மின்னித்து. நிம்மதியாப் போயிட்டான். ஏன்டா மயில், உனக்கும் இதுதானே அழகாத் தெரிஞ்சுது?”

“தெரியாம? ஒடம்பு ஒரு மினுக்கு, முந்தி ஒரு மினுக்குன்னு சேலை நெய்ஞ்சா எங்கப்பா முதுகுத்தோலை உரிச்சிடுவாரு. ரெண்டு பட்டைப் பக்கத்துல வச்சா, ஒரே பக்கமா ஒளி ஓடணும். அது எங்க ரத்தத்துலயே…”

 தான் சொன்னது அவனுக்கே அப்போதுதான் புரிந்தது.

“பட்டுக்காரன்” என்றார் ஹயக்ரீவன்.

“காஞ்சீவரத்துல பட்டுக்காரன்னா பாதி ஊரு சாமி! எத்தினி பேரைப் புடிக்கிறது?”

ஹயக்ரீவன் காமாட்சியம்மாள் பக்கம் திரும்பினார். “அம்மா, உள்ளே என்ன இருந்தது?”

அவள் வாசலில் நின்ற கான்ஸ்டபிள் முருகேசனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். தெருக்கோடி அம்மனுக்குப் போன ஆடியில் சாத்திய சேலையில் இருந்தது பொய் ஜரிகை. மூன்றே மாதத்தில் கறுத்துவிட்டது. அதன் முந்தியில் ஒரு துண்டைப் பஞ்சாட்சரம் வெட்டி வைத்திருந்தார். அம்மனை ஏமாற்றியவனை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நிறுத்திக் கேட்கப்போவதாகவும், துண்டு புது அலமாரியில் பத்திரமாக இருப்பதாகவும் நெசவாளர்களிடம் சொல்லியிருந்தார். ஆள் யார் என்று மட்டும் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

“உள்ள வச்சுப் பூட்டுன்னு என்கிட்டத்தான் குடுத்தாரு. புது அலமாரில மொதல்ல மஞ்சளும் உப்பும் வைக்காம, பொய் ஜரிகையையா வைப்பாங்க? வெள்ளிக்கிழமை மஞ்ச வச்சப்புறம் பாத்துக்கலாம்னு, அவருக்குத் தெரியாம அரிசிப் பானையில போட்டுட்டு, சும்மா பூட்டிச் சாவியத் தாலிக் கவுத்துல கோத்துக்கினு போயிட்டேன்.” அவள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். “வச்சிருந்தா எடுத்துக்கினு போயிருப்பான். அவரை விட்டிருப்பானோ என்னவோ!”

“இல்லம்மா. வெட்டினப்புறம்தான் தேடியிருக்கான்” என்றார் ஹயக்ரீவன் மெதுவாக. “அலமாரி காலின்னு வேற யாருக்காவது தெரியுமா?”

“உங்ககிட்டத்தான் இப்ப சொல்றேன்.”

“நல்லது. அடக்கத்துக்கு ஊரே வந்ததா?”

“செவ்வாக்கிழமை எல்லாரும் வந்தாங்க. குமாரவேல் அண்ணன் மட்டும் வரல. திங்கக்கிழமை பொணத்து மேல விழுந்து மொதல்ல அழுததே அவருதான். கந்தன் ஓடுறதப் பாத்தேன்னு போலீசுல சொன்னதும் அவருதான். பாவம், மறுநாளே அம்மை போட்டுடுச்சாம். வாசல்ல வேப்பிலை கட்டிக் கெடக்குது.”

குமாரவேல் பட்டுக் கடைக்காரர். ஊரில் கோயில் சேலை என்றால் முதலில் அவரிடம்தான் கேட்பார்கள். ஹயக்ரீவனும் மயில்வாகனமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி இரண்டே கால்.

* * *

வாசலில் வேப்பிலைக் கொத்தைக் கண்டதும் முருகேசன் நின்றுவிட்டான். “அம்மை வீட்டுக்குள்ள நான் வர மாட்டேன் சாமி. வேலை போனாலும் சரி.”

“நீ வரவேண்டாம். ஜன்னல் கிட்ட நின்னு காதை மட்டும் உள்ளே அனுப்பு” என்றார் ஹயக்ரீவன்.

மயில்வாகனத்துக்கும் கால் நகரவில்லை. ஆத்தா குடியிருக்கிற வீட்டில் செருப்புக் காலோடு நுழைகிற துணிச்சல் அவன் பரம்பரையில் யாருக்கும் இருந்ததில்லை. அப்போது காற்று திரும்பியது. அவன் மூக்கை உறிஞ்சினான். மறுபடியும் உறிஞ்சினான்.

“சாமி… அப்பளம் பொரிக்கிற வாசனை!”

“அம்மை வீட்டிலே எண்ணெய்ச் சட்டி வைப்பாளோ?”

“தாளிக்கவே மாட்டாங்க சாமி. ஆத்தா பேரைச் சொல்லிக்கினு அப்பளமா பொரிக்கிறான், களவாணி!” பயம் போன இடத்தில் அவனுக்குக் கோபம் பொங்கியது. கதவை உதைத்துத் திறந்தான்.

அரையிருட்டான கூடம். நடுவில் வெறும் தறி. அதன் அடியில் நெய்கிறவன் காலை இறக்கி உட்காருகிற தறிக்குழி. அப்பால் அடுப்பின் முன்னே குமாரவேல் நின்றார். மனைவியை ஐயம்பேட்டைக்கு அனுப்பிவிட்டதால் தானே சமைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கோலத்தைப் பார்த்து மயில்வாகனம் ஓர் அடி பின்வாங்கினான். இரண்டு கைகளும் முழங்கை வரை சிவந்து வெடித்து நீர் வடிந்தது. இடது கண் முழுதாக மூடிவிட்டது. வலது கண் ஒரு கீற்றாகத்தான் திறந்திருந்தது. ஆனால் மார்பிலும் முதுகிலும் ஒரு கொப்புளம்கூட இல்லை.

“யாரு? உள்ள வராதீங்க! அம்மை!”

“கையிலேயும் கண்ணிலேயும் மட்டும் வர அம்மையை இப்பத்தான் பார்க்கறேன்” என்றார் ஹயக்ரீவன். “போகட்டும். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். பஞ்சாட்சரம் அலமாரியிலே இருந்த ஜரிகைத் துண்டை எரிச்சுட்டேளா, இல்லே வச்சிருக்கேளா?”

“என்ன துண்டு? அதுல ஒண்ணுமே இல்லையே! அலமாரி காலியாத்தானே…”



“காலின்னு அந்த அம்மாவுக்குத் தெரியும். இன்னிக்கு எங்களுக்குத் தெரியும். உமக்கு எப்படித் தெரிஞ்சுது, குமாரவேல்?”

பதிலாக வந்தது வாணலி. கொதிக்கிற எண்ணெயோடு அதை அப்படியே விசிறியடித்தார் குமாரவேல். ஹயக்ரீவனின் குடை படீரென்று விரிந்தது. கறுப்புத் துணியில் எண்ணெய் சீறிப் புகைந்தது. தப்பிய ஒரு வீச்சு மயில்வாகனத்தின் தோளில் விழுந்து தோலை வழித்தெடுத்தது. அவன் அலறி முடிப்பதற்குள் குமாரவேல் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்.

முதல் வெட்டு குடைக்காம்பை இரண்டாக்கியது. இரண்டாவது வெட்டுக்கு மயில்வாகனம் கையைக் குறுக்கே கொடுத்தான். முன்கையில் எலும்பு வரை இறங்கியது. சூடாக ரத்தம் அவன் முகத்திலேயே பீறிட்டது.

“அவனை மூணு வெட்டுல முடிச்சேன்! உனக்கு ஒண்ணு போதும்டா!” என்று குமாரவேல் கத்தினார். ஜன்னலுக்கு வெளியே முருகேசனுடைய காது அதையும் வாங்கிக்கொண்டது.

மயில்வாகனம் ஓடவில்லை. கந்தனுடைய நசுங்கிய விரல்கள் அவன் கண்முன் நின்றன. குமாரவேலின் மூடிய கண் எந்தப் பக்கம் என்று பார்த்தான், அவருக்கு இடப்பக்கம். தறி எந்தப் பக்கம்? அதே பக்கம். தலையைக் குனிந்து அவர் வயிற்றில் முட்டி, இடப்பக்கமாகவே தள்ளினான். இருபது வருஷமாகத் தினமும் தாண்டி நடந்த தறிக்குழி அவருக்குத் தெரியவில்லை. முதிரைத் தூசி அந்தக் கண்ணை அடைத்துவிட்டிருந்தது. கால் காற்றில் இறங்கியது. காய்ந்த முருங்கைக் கொம்பு ஒடிவதுபோல் ஒரு சத்தம்; அதன்மேல் ஒரு மிருக ஓலம். அரிவாள்மணை தெறித்துத் தரையில் சுழன்றது.

மயில்வாகனம் குழிக்குள் குதித்து, ரத்தம் சொட்டும் கையாலேயே அவர் முகத்தில் ஓங்கி ஓங்கிக் குத்தினான். “இது சுண்டுவிரலுக்கு! இது மோதிரவிரலுக்கு! இது நடுவிரலுக்கு!”

“போதும்டா மயில்” என்று ஹயக்ரீவன் அவனைப் பின்னாலிருந்து இழுத்தார். “மணி இரண்டே முக்கால். கந்தனுக்கு இன்னும் ஒரு விரல் பாக்கி இருக்கு.”

* * *

அவர்கள் ஜட்கா வண்டியிலிருந்து குதித்தபோது, வேலாயுதம் கந்தனுடைய கட்டைவிரலை மையில் தோய்த்துக் காகிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். ஹயக்ரீவன் உடைந்த குடைக்காம்பால் அந்தக் காகிதத்தை இழுத்து, பின்னால் முருகேசன் தூக்கிவந்து உட்காரவைத்த குமாரவேலின் மடியில் போட்டார்.

“இவர் படிச்சவர். கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுவார்.”

முருகேசன் கேட்டதை வரி விடாமல் ஒப்பித்தான். தலைகீழாகத் திருப்பி மாட்டிய கதவுப் பலகையைப் பற்றி ஹயக்ரீவன் சொன்னார். குமாரவேல் மறுக்கவில்லை. வீங்கிய கண்ணிலிருந்து நீர் வழிய, “காலி அலமாரிக்காகவா…” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலாயுதம் மேஜைமேல் கிடந்த கொட்டாப்புளியை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்தார். கந்தனுடைய மனைவி வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கி, முந்தானையால் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.  வேலாயுதம் தலை குனிந்தார்.

கந்தனை வெளியே தாங்கிக் கொண்டுவந்தார்கள். மயில்வாகனம் துணி சுற்றிய தன் கையை அவன் நசுங்கிய கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

“ரெண்டு பேருக்கும் ஒரே பலகையில அறுத்தா மாதிரி இருக்குது மச்சான்.”

கந்தன் சிரிக்கவில்லை. இத்தனை நேரமும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தவன்போல், “இடது கதவா?” என்று கேட்டான்.

“ஆமா.”

“நுனி கீழயா இருக்குது?”

“ஆமாம்பா. மொதல்ல ஆஸ்பத்திரிக்கு நட.”

கந்தன் நகரவில்லை. அந்த நான்கு விரல்கள் இனி உளி பிடிக்குமா என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவன் ஜட்காவின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு, மிச்சம் இருந்த கட்டைவிரலால் பஞ்சாட்சரத்தின் தெருப் பக்கம் காட்டினான்.

“மொதல்ல அங்க வண்டியத் திருப்பச் சொல்லு. நான் சொல்லச் சொல்ல நீ கழட்டி மாட்டு. மூணு நாளா அது தலைகீழா நிக்குதுடா!”